செஞ்சிக் காய்ச்சல் முதல் சென்னை மாநாடு வரை: தென்னிந்திய ஒட்டுண்ணியியல் வளர்ச்சியில் அறிவியல் அமைப்புகளின் ஆண்டு நடவடிக்கைகள்

ஆய்வுச் சுருக்கம்

அறிவியல் அமைப்பொன்றின் ஆண்டுக் கூட்டம் பெரும்பாலும் சடங்காகவே பார்க்கப்படுகிறது. முந்தைய கூட்டத்தின் குறிப்பை ஏற்றல், கணக்கை ஒப்புதல், பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்தல், கட்டுரை வாசித்தல், அடுத்த ஆண்டிற்கான ஊரை முடிவு செய்தல் என்னும் வரிசை ஆண்டுதோறும் மாறாமல் நிகழ்வதே இதற்குக் காரணம். எனினும், எந்த நோய் ஆய்வுக்குரியது, எந்தத் துறையினர் அதைப் பற்றிப் பேசலாம், எது அடுத்த ஆண்டும் தொடரும் என்பவற்றை முடிவு செய்யும் இடமும் இதுவே. ஒட்டுண்ணியியல் நெடுங்காலம் தனிப்பிரிவு இல்லாத துறையாக விலங்கியலுக்கும் மருத்துவத்திற்கும் இடையே இருந்தது. செஞ்சிப் பகுதியின் காய்ச்சல் வரலாற்றைத் தொடக்கமாகக் கொண்டு, 1909 முதல் 2011 வரையிலான அறிவியல் கூட்டங்களின் போக்கை இக்கட்டுரை ஆராய்கிறது. நிகழ்ச்சி நிரலில் எளிதில் இடம்பெற்ற நோய்க்கும் நெடுங்காலம் காத்திருந்த நோய்களுக்கும் இடையிலான வேறுபாட்டை அது எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: ஒட்டுண்ணியியல், செஞ்சி, அனந்தபுரம், இந்திய அறிவியல் மாநாடு, மலேரியா, யானைக்கால் நோய், நரம்புச் சிலந்தி.

முன்னுரை

இன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சி வட்டத்தில் அமைந்துள்ள பேரூராட்சி அனந்தபுரம். ஏரிப்பாசனமும் கிணற்றுப்பாசனமும் சார்ந்த வேளாண்மை இப்பகுதியின் அடிப்படை. செஞ்சிக் கோட்டையின் இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திராயன் துர்க்கம் ஆகிய மூன்று குன்றுகளும் அவற்றைச் சூழ்ந்த குளங்களும் நீர்நிலைகளும் இவ்வட்டாரத்தின் அரசியல் வரலாற்றோடு நோய் வரலாற்றையும் வடிவமைத்துள்ளன. கோட்டையின் போர் வரலாறு விரிவாக எழுதப்பட்டுள்ளது. சி. எஸ். சீனிவாசாச்சாரியாரின் செஞ்சி வரலாற்று நூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943இல் வெளியிட்டது. நோய் வரலாறு அத்தகைய கவனத்தைப் பெறவில்லை.

தமிழில் 'உண்ணி' என்பது உண்பது என்னும் பொருளில் கால்நடைகளின் உடலில் ஒட்டி இரத்தம் குடிக்கும் சிற்றுயிரைக் குறிக்கும் பழகிய சொல். 'ஒட்டுண்ணி' என்னும் கலைச்சொல் அந்த வழக்கிலிருந்தே எளிதாக உருவாகியது. இன்னோர் உயிரின் உடலில் தங்கி அதன் உணவைப் பகிரும் உயிரி என்னும் கருத்து நாட்டு வழக்கிற்குப் புதியதன்று. புதிதாக வந்தது, அவ்வுயிரியைக் கண்ணாடியின் கீழ் அடையாளம் கண்டு, எண்ணி, பிற ஆய்வாளர் முன்னிலையில் வாசித்து, விவாதித்து, பதிவு செய்யும் முறை. அம்முறைக்குக் கூட்டம் தேவைப்பட்டது. அக்கூட்டங்கள் ஒட்டுண்ணி நோய்களுள் எவற்றை முன்னிறுத்தின, எவற்றைப் பின்னுக்குத் தள்ளின என்பதே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கல்.

1. செஞ்சியின் பழி

1690 முதல் 1698 வரை இராசாராம் செஞ்சியில் இருந்தபோது முகலாயப் படை அதனை முற்றுகையிட்டது. கோட்டை வீழ்ந்த பின்னர், தாவூத் கான் தலைமையிடத்தை ஆர்க்காட்டிற்கு மாற்றியதற்குச் செஞ்சியின் உடல்நலக் கேடும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 1750 செப்டம்பரில் புஸ்ஸி தலைமையிலான பிரெஞ்சுப் படை கோட்டையைக் கைப்பற்றியது. 1761 சனவரியில் புதுச்சேரி வீழ்ந்த பின், அவ்வாண்டு ஏப்ரலில் கேப்டன் ஸ்டீபன் சுமித்திடம் செஞ்சி சரணடைந்தது.

இந்தச் சரணடைதலை விவரிக்கும் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் இரண்டு எண்களைத் தருகிறார். ஒன்று, முற்றுகையின்போது ஊரிலும் குன்றிலும் ஆங்கிலேயர் தரப்புச் சிப்பாய்கள் 300 பேர் காற்றின் கேட்டால் இறந்தனர் என்பது. மற்றொன்று, எக்காலத்தும் 100 பேருக்கு மேல் ஐரோப்பியரை இங்கு வைத்திராத பிரெஞ்சுக்காரர்கள் பத்தாண்டுகளில் 1200 பேரை இழந்தனர் என்பது. கருநாடகப் பகுதியிலேயே மிகவும் நலம் கெடுக்கும் இடமாகச் செஞ்சி கருதப்பட்டது என்றும் அவர் எழுதுகிறார்.

இரண்டாவது எண்ணைக் கணக்கிட்டுப் பார்த்தல் தகும். பத்தாண்டுகளில் 1200 என்றால் ஆண்டுக்கு 120. அதாவது 100 பேர் கொண்ட காவற்படை ஆண்டுதோறும் முழுமையாக அழிந்து, மீண்டும் நிரப்பப்பட்டு, அதற்கு மேலும் இழப்பைச் சந்தித்தது என்று பொருள்படும். செவிவழிச் செய்தியின் மிகை இதில் கலந்திருக்க வாய்ப்புண்டு. ஆயினும் அந்த எண் நம்பப்பட்டு எழுதப்பட்டது என்பதே வரலாற்றுச் சான்றாகிறது. நோயின் பெயரையோ அறிகுறிகளையோ இப்பதிவு விளக்கவில்லை. இடத்தின் மீதுதான் பழி சுமத்துகிறது. காய்ச்சலுக்குக் காரணம் காற்று. காற்றுக்குக் காரணம் இடம். எனவே தீர்வு அந்த இடத்தை விட்டு அகல்வது. படைத்தலைவர்களுக்கு அத்தீர்வு இயன்றது. ஏரியின் அடியில் நிலம் வைத்திருந்த குடியானவர்களுக்கு அது இயலவில்லை. அவர்களுடைய இறப்பை எவரும் எண்ணவுமில்லை. ஐரோப்பியர் 1200, சிப்பாய்கள் 300 என எண்ணிய பதிவில் உழவர்களுக்கு எண் கிடையாது. நோய்ப் பதிவில் யார் எண்ணப்படுகிறார் என்னும் இந்தச் சிக்கல் பிற்காலத்திலும் வேறு வடிவில் தொடர்ந்தது.

2. இடத்திலிருந்து உயிரிக்கு

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நோய்க்காரணம் பற்றிய விளக்கம் இடத்தை விட்டு உயிரிக்கு நகர்ந்தது. 1872இல் கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் மனித இரத்தத்தில் யானைக்கால் புழுவின் இளநிலையைக் கண்டார். 1877இல் சீனத்தின் அமோய் துறைமுகத்தில் பணியாற்றிய பாட்ரிக் மேன்சன் அப்புழு கொசுவின் உடலில் வளர்வதைக் காட்டினார். 1870ஆம் ஆண்டையொட்டி உருசிய ஆய்வாளர் ஃபெட்சென்கோ, நரம்புச் சிலந்திப் புழுவின் இளநிலை சைக்ளாப்ஸ் என்னும் நுண்ணிய நீர்வாழ் உயிரியின் உடலில் வளர்வதைக் கண்டறிந்திருந்தார். 1897 ஆகஸ்டு 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் மலேரியா ஒட்டுண்ணியைக் கொசுவின் வயிற்றுச் சுவரில் கண்டார்.

சென்னை இவ்வரலாற்றில் தனக்கென ஓர் இடத்தைப் பெற்றது. 1903இல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சார்லஸ் டோனவன், அரசுப் பொது மருத்துவமனையின் நோயாளிகளிடம் கருங்காய்ச்சலின் ஒட்டுண்ணியைக் கண்டார். அதே ஆண்டில் சற்று முன்னதாக லண்டனில் லீஷ்மன் அதனை வெளியிட்டிருந்ததால், இருவர் பெயரும் இணையுமாறு ராஸ் அதற்கு 'லீஷ்மேனியா டோனவனி' எனப் பெயரிட்டார். கருங்காய்ச்சலைப் பரப்புவது எது என்னும் வினா அடுத்து எழுந்தது. டபிள்யூ. எஸ். பேட்டன் சென்னையில் செய்த ஆய்வுகளின் அடிப்படையில் 1907இல் மூட்டைப்பூச்சியைச் சுட்டினார். அக்கருத்து நீண்டகாலம் விவாதிக்கப்பட்டது. 1942இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர் மணற்கொசுவே அதைப் பரப்புகிறது என்பதைச் சோதனை வழியாக நிறுவினர்.

ஒட்டுண்ணியைக் கண்டதற்கும் அதன் பரப்பியை உறுதிப்படுத்தியதற்கும் இடையே 39 ஆண்டுகள். இக்காலம் முழுவதும் ஒரே ஆய்வாளர் ஒரே ஆய்வகத்தில் இருக்கவில்லை. அலுவலர்கள் மாற்றப்பட்டனர், போர்கள் குறுக்கிட்டன. தவறான கருதுகோள் மறக்கப்படாமல் சோதிக்கப்பட்டு மறுக்கப்படவும், கேள்வி அடுத்த தலைமுறைக்குக் கைமாறவும் நிலையான ஒரு களம் வேண்டியிருந்தது. ஆய்விதழ்களும் ஆண்டுக் கூட்டங்களும் அக்களத்தை அளித்தன.

3. ஆண்டுக் கூட்டம் என்னும் அமைப்பு

1909 அக்டோபரில் சிம்லாவில் மலேரியா மாநாடு கூடியது. அதைத் தொடர்ந்து மையக் குழுவும் மாகாணக் குழுக்களும் தோன்றின. கசௌலியில் மைய மலேரியாப் பணியகம் செயற்பட்டது. பொது மலேரியாக் குழு 1911இல் பம்பாயிலும் 1912 நவம்பரில் சென்னையிலும் கூடியது. அனைத்திந்திய நலவாழ்வு மாநாட்டின் இரண்டாம் கூட்டமும் 1912 நவம்பரில் சென்னையில்தான் நடைபெற்றது. இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் 1911இல் நிறுவப்பட்டது. அதுவே 1949இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமாகப் பெயர் மாறியது.

இவை அரசு அலுவலர்களின் கூட்டங்கள். இவற்றுக்கு இணையாக, அரசுத் துறைக்கு வெளியேயும் விரிந்த ஓர் அமைப்பு உருவானது. சென்னை மாநிலக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஜே. எல். சைமன்சன், இலக்னோ கானிங் கல்லூரியின் பி. எஸ். மக்மகோன் ஆகிய இருவரும் பிரித்தானிய அறிவியல் முன்னேற்றச் சங்கத்தின் மாதிரியில் இந்தியாவிலும் ஆண்டுதோறும் ஓர் ஊரில் ஆய்வாளர்கள் கூட வேண்டும் என முயன்றனர். 1914 சனவரியில் கல்கத்தாவில் அசுதோஷ் முகர்ஜியின் தலைமையில் இந்திய அறிவியல் மாநாடு முதன்முறையாகக் கூடியது. 105 பேர் கலந்துகொண்டனர். ஆறு பிரிவுகளில் 35 கட்டுரைகள் வாசிக்கப்பட்டன.

இரண்டாம் மாநாடு 1915இல் சென்னையில் நடைபெற்றது. தலைமை தாங்கியவர் சென்னை மாகாணத்தின் தலைமை மருத்துவ அலுவலர் டபிள்யூ. பி. பேனர்மன். வெப்ப மண்டலத்தில் பணியாற்றும் மருத்துவர்களுக்கும் நலவாழ்வு அலுவலர்களுக்கும் உயிரியல் அறிவு ஏன் தேவை என்பதே அவருடைய தலைமையுரையின் பொருள். கொசு, உண்ணி, புழு ஆகியவற்றின் வாழ்க்கைச் சுழற்சியை அறியாத மருத்துவரால் காய்ச்சலின் பரவலை விளங்கிக்கொள்ள இயலாத நிலை அதற்குள் உருவாகிவிட்டது. எனவே விலங்கியலையும் மருத்துவத்தையும் ஒன்றாக வைத்துப் பேச வேண்டும் என்னும் தேவை இம்மாநாட்டின் இரண்டாம் ஆண்டிலேயே, சென்னையிலேயே, தலைமை மேடையில் ஒலித்தது எனலாம்.

4. பிரிவில்லாத துறை

முதல் மாநாட்டின் ஆறு பிரிவுகள் தாவரவியல், வேதியியல், இனவரைவியல், நிலவியல், இயற்பியல், விலங்கியல் என்பன. இவற்றுள் ஒட்டுண்ணிக்கு இயல்பான இடம் விலங்கியல். ஆனால் அந்த ஒட்டுண்ணியால் நோயுற்ற மனிதனுக்கு அங்கு இடமில்லை. மருத்துவ, கால்நடை மருத்துவ ஆய்வுகளுக்கான பிரிவு பின்னர்ச் சேர்ந்தது. அதன் விளைவாக ஒரே உயிரி இரண்டு அறைகளில் பேசப்படும் நிலை ஏற்பட்டது. புழுவின் உடலமைப்பும் வகைப்பாடும் ஓர் அறையில். அது விளைவிக்கும் நோயும் சிகிச்சையும் மற்றோர் அறையில்.

இப்பிளவு வெறும் நிருவாக ஏற்பாடன்று. நன்னீர் நத்தைகளில் வளரும் தட்டைப்புழுக்களின் இளநிலைகளை ஆராய்ந்து ஆர். பி. சீமூர் சீவெல் 1922இல் விரிவான ஆய்வை வெளியிட்டார். அவர் பின்னர் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநரானார். அந்த ஆய்வு வெளிவந்ததோ இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில். நத்தையை ஆராய்பவர் விலங்கியலார். அந்த ஆய்வைத் தேடிப் படிப்பவர் மருத்துவர். துறையின் எல்லைக்கோட்டை ஆய்வாளர்கள் நாள்தோறும் கடந்தனர். நிகழ்ச்சி நிரல் அக்கோட்டை ஆண்டுதோறும் மீண்டும் வரைந்தது.

இந்நிலையில் இவ்விரு அறைகளையும் இணைத்தது பொது அமர்வும் தலைமையுரையும்தான். இம்மாநாட்டின் முதல் கால் நூற்றாண்டில் தலைமை வகித்தோர் பட்டியல் இதற்குச் சான்றாகும். 1915இல் பேனர்மன், 1919இல் கருங்காய்ச்சலையும் சீதபேதியையும் ஆராய்ந்த லியோனார்டு ராஜர்ஸ், 1930இல் மலேரியா ஆய்வின் முன்னோடியும் கிண்டி கிங் நிலையத்தில் பணியாற்றியவருமான எஸ். ஆர். கிறிஸ்டோபர்ஸ், 1931இல் சீவெல், 1936இல் கருங்காய்ச்சலுக்கு யூரியா ஸ்டிபமைன் மருந்தை உருவாக்கிய உபேந்திரநாத் பிரம்மச்சாரி. தனிப்பிரிவு இல்லாத துறையைச் சார்ந்தோர் இத்தனை முறை தலைமை ஏற்றமை, ஒட்டுண்ணி நோய்கள் அக்கால அறிவியலின் மையத்தில் இருந்ததைக் காட்டுகிறது. மையத்தில் இருந்தும் அத்துறைக்குத் தனி அறை கிடைக்கவில்லை.

உலகின் பிற பகுதிகளில் வேறு வழி கையாளப்பட்டது. அமெரிக்காவில் ஹென்றி பால்டுவின் வார்டு 1914இல் ஒட்டுண்ணியியலுக்கெனத் தனி இதழைத் தொடங்கினார். 1924 இறுதியில் அந்நாட்டு அறிவியல் முன்னேற்றச் சங்கத்தின் கூட்டத்தையொட்டி அமெரிக்க ஒட்டுண்ணியியலாளர் சங்கம் உருவாயிற்று. பிரிட்டனில் உயிரியல் நிறுவனத்துள் ஒரு குழுவாக இயங்கியவர்கள் 1962இல் தனிச் சங்கமாயினர். பெரிய அமைப்பின் ஆண்டுக் கூட்டத்துள் ஒரு சிறு குழுவாகத் தொடங்கிப் பின்னர்ப் பிரிந்து வளர்வதே இத்துறையின் பொதுவான போக்காக இருந்துள்ளது.

5. நிகழ்ச்சி நிரலில் இடம்பெற்றதும் காத்திருந்தவையும்

மூன்று நோய்களை ஒப்பிடுவது இங்குப் பயன்தரும். மலேரியா ஒட்டுண்ணி கொசுவில் காணப்பட்டது 1897இல். அதற்கெனத் தனி மாநாடு கூடியது 1909இல். இடைவெளி 12 ஆண்டுகள். நாடு தழுவிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1953இல் தொடங்கியது. இடைவெளி 56 ஆண்டுகள். யானைக்கால் புழு இரத்தத்தில் காணப்பட்டது 1872இல். தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது 1955இல். இடைவெளி 83 ஆண்டுகள். நரம்புச் சிலந்தியின் பரவல் முறை விளங்கியது 1870ஆம் ஆண்டையொட்டி; தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது 1983–84இல்; இடைவெளி ஏறத்தாழ 113 ஆண்டுகள்.

இந்த வேறுபாட்டுக்குப் பல காரணங்கள் உள. மலேரியா உயிரைப் பறித்தது. படைமுகாம், இருப்புப்பாதைப் பணி, தோட்டம், பாசனத் திட்டம் ஆகிய அரசின் நேரடி அக்கறைக்குரிய இடங்களைத் தாக்கியது. யானைக்கால் நோய் பெரும்பாலும் உயிரைப் பறிப்பதில்லை. உழைக்கும் உடலை முடக்குகிறது. மணவாழ்வையும் மதிப்பையும் குலைக்கிறது. இவ்விழப்புகள் இறப்புப் பதிவேட்டில் இடம்பெறுவதில்லை. அந்நோய்க்கு டை எத்தில் கார்பமசைன் என்னும் மருந்து 1947இல்தான் கிடைத்தது என்பதையும் நோக்க வேண்டும். மருந்தில்லா நோய்க்குத் திட்டம் வகுப்பது எளிதன்று.

இவ்விளக்கம் நரம்புச் சிலந்திக்குப் பொருந்தாது. அந்நோய்க்கு இன்றளவும் தடுப்பூசியோ குணப்படுத்தும் மருந்தோ இல்லை. வெளிவரும் புழுவைச் சிறு குச்சியில் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சுற்றி எடுப்பதே நெடுங்கால நாட்டு வழக்கம். மருந்தின்றியே அந்நோய் இந்தியாவில் ஒழிந்தது. படிக்கிணறுகளை இறங்காமல் நீர் இறைக்கும் கிணறுகளாக மாற்றுதல், நீரைத் துணியில் வடிகட்டுதல், சைக்ளாப்சைக் கொல்லும் மருந்தை நீரில் இடுதல், நோயாளியை நீர்நிலையில் இறங்காமல் தடுத்தல் ஆகியவையே கருவிகள். தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் இந்நோய் இருந்தது. இந்தியாவின் கடைசி நோயாளி 1996 சூலையில் இராசஸ்தானில் பதிவானார். 2000 பிப்ரவரியில் நாடு நோயற்றதாகச் சான்றளிக்கப்பட்டது.

தேவையான அறிவு 1870களிலேயே கிடைத்திருந்தது. மைசூர் அரசின் சித்திரதுர்க்கப் பகுதியில் வி. என். மூர்த்தியும் டபிள்யூ. சி. சுவீட்டும் 1930களில் சைக்ளாப்சை உண்ணும் மீன்களைக் கிணறுகளில் விட்டுப் பயன் கண்டனர். அறிவும் வழியும் இருந்தும் நாடு தழுவிய செயல் அரை நூற்றாண்டு தாமதித்தது. இந்நோய்க்குரிய தீர்வு மருத்துவப் பிரிவிலோ விலங்கியல் பிரிவிலோ அடங்காமல் கிணறு கட்டும் பொறியாளரிடமும் ஊராட்சியிடமும் இருந்தமையே இத்தாமதத்தின் முதன்மைக் காரணம் எனலாம். எந்தப் பிரிவுக்கும் முழுமையாக உரியதாகாத நோய் எந்தப் பிரிவின் தீர்மானத்திலும் முதலிடம் பெறுவதில்லை. குளத்து நீரையும் கிணற்று நீரையும் அருந்திய அனந்தபுரம் போன்ற ஊர்களுக்கு இது ஏட்டளவிலான வேறுபாடன்று. சேற்றில் இறங்கி உழ வேண்டிய பருவத்தில் கால் நடக்குமா முடங்குமா என்னும் வேறுபாடு.

6. வயலுக்கு வந்த ஆய்வு

கூட்ட அறையில் பிரிந்து நின்ற துறைகள் வயல்வெளியில் ஒன்றுபட்டதற்குத் தமிழகத்தில் இரு சான்றுகள் உள்ளன.

முதலாவது பட்டுக்கோட்டை. மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பட்டது. அத்திட்டத்தின் பகுதியான கல்லணைக் கால்வாய் பட்டுக்கோட்டை வட்டத்திற்கு நீர் கொணர்ந்தது. நீரோடு மலேரியாவும் வந்தது. ராக்பெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த பால் எஃப். ரசல், எஃப். டபிள்யூ. நைப், டி. இராமச்சந்திர ராவ் ஆகியோர் 1930களின் இறுதியில் அங்கு ஆய்வு செய்தனர். கால்வாய்க் கரைக்காக மண் எடுக்கப்பட்ட பள்ளங்களில் தேங்கிய நீரில் அனாபிலஸ் குலிசிபேசிஸ் என்னும் கொசு பெருகுவதை அவர்கள் விளக்கினர். காசாங்காடு முதலிய ஊர்களில் வீட்டினுள்ளும் மாட்டுக்கொட்டிலினுள்ளும் பைரித்திரம் தெளித்து நோய் குறைவதைக் காட்டினர். இங்கு நோய்க்குக் காரணம் பழைய செஞ்சிக் கருத்திற்போல் இடத்தின் இயல்பான காற்றன்று. அரசே தோண்டிய பள்ளம். இடம் மீண்டும் விளக்கத்திற்குள் வந்தது. ஆனால் பழிக்குரியதாக அன்றி, அளந்து திருத்தத்தக்கதாக வந்தது.

இரண்டாவது திருக்கோவிலூர். செஞ்சியைப் போலவே பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது இவ்வூர். மதுரையில் இயங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தின் ஆய்வாளர்கள் ஆர். ரூபன் முதலியோர் இப்பகுதிக் கிராமங்களில் யானைக்கால் நோய் குறித்து நீண்டகால ஆய்வு நடத்தினர். சில ஊர்களில் மக்களுக்கு ஆண்டுக்கொருமுறை மருந்து மட்டும் வழங்கப்பட்டது. வேறு சில ஊர்களில் அதனுடன் கொசுக் கட்டுப்பாடும் சேர்க்கப்பட்டது. கழிவுநீர் உறிஞ்சு குழிகளின் நீர்ப்பரப்பைப் பாலிஸ்டைரீன் மணிகளால் மூடிக் கொசு முட்டையிடாமல் தடுத்தல் அதன் முக்கியக் கூறு. கொசுக் கட்டுப்பாடு மருந்தின் பயனுக்குத் துணைநிற்கிறது என்னும் முடிவு 2007இல் உலக நலவாழ்வு அமைப்பின் இதழில் வெளியானது. புதுச்சேரியில் 1975இல் நிறுவப்பட்ட நோய்ப்பரப்பிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் 1980களில் அந்நகரில் கொசு உற்பத்தியிடங்களைக் குறைத்து யானைக்கால் நோயைக் கட்டுப்படுத்தும் முயற்சியை மேற்கொண்டது.

இவ்விரு ஆய்வுகளுக்கும் பொதுவானது, ஒரே ஊருக்கு மீண்டும் மீண்டும் சென்று எண்ணுதல். ஆண்டுக் கூட்டத்தின் ஒழுங்கும் அதுவே: சென்ற ஆண்டு கூறியதை இந்த ஆண்டு சரிபார்த்தல். அந்த ஒழுங்கு மேடையிலிருந்து ஊருக்கு வந்தபோது, செஞ்சிப் பதிவில் எண்ணப்படாது விடப்பட்ட உழவர் குடும்பங்கள் ஆய்வின் கணக்கிற்குள் வந்தன.

7. தனிச் சங்கமும் தொடரும் பிளவும்

இந்தியாவில் ஒட்டுண்ணியியலுக்கெனத் தனிச் சங்கம் 1973இல் இலக்னோவை மையமாகக் கொண்டு உருவாயிற்று. இந்திய ஒட்டுண்ணியியல் சங்கம் என்னும் அவ்வமைப்பு ஆய்விதழ் வெளியிடுகிறது. தேசிய மாநாடுகளையும் நடத்துகிறது. விலங்கியலார், மருத்துவர், கால்நடை மருத்துவர் ஆகியோர் ஒரே அவையில் கட்டுரை வாசிக்கும் வாய்ப்பு இதனால் நிலைபெற்றது.

எனினும் பொதுவான அறிவியல் மாநாட்டின் பிரிவமைப்பில் பழைய நிலை மாறவில்லை. 2000ஆம் ஆண்டில் இந்திய அறிவியல் மாநாட்டின் பிரிவுகள் பதினான்காகச் சீரமைக்கப்பட்டன. விலங்கு, கால்நடை, மீன்வள அறிவியல் ஒரு பிரிவு. மருத்துவ அறிவியல் மற்றொரு பிரிவு. ஒட்டுண்ணி இப்போதும் இரு அறைகளுக்கு இடையேதான் நிற்கிறது. 2011இல் சென்னையை அடுத்த காட்டாங்குளத்தூரில் கூடிய 98ஆவது மாநாட்டிற்குத் தலைமை வகித்த கே. சி. பாண்டே மீன்களின் ஒட்டுண்ணித் தட்டைப்புழுக்களை ஆராய்ந்தவர் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. 1915இல் சென்னையில் உயிரியலையும் மருத்துவத்தையும் இணைக்கக் கோரிய தலைமையுரைக்கும் இதற்கும் இடையே 96 ஆண்டுகள்.

நடவடிக்கைக் குறிப்புகளை வரலாற்றுச் சான்றாகக் கொள்வதில் ஒரு வரம்பும் உண்டு. அவை வாசிக்கப்பட்ட கட்டுரையைப் பதிவு செய்கின்றன; அக்கட்டுரைக்கு இரத்தத் துளி அளித்தவரைப் பதிவு செய்வதில்லை. யானைக்கால் புழு இரவில்தான் புற இரத்தத்தில் மிகுதியாகத் தென்படும் என்பதால், ஆய்வுக் குழுக்கள் நள்ளிரவையொட்டி வீடு வீடாகச் சென்று இரத்தம் எடுக்க நேர்ந்தது. உறக்கத்திலிருந்து எழுந்து விரல் நீட்டியவர்களின் ஒத்துழைப்பு இன்றி அந்த அட்டவணைகள் உருவாகியிரா. மேலும், இந்நடவடிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நிகழ்ந்தன. ஆய்வின் முடிவு அது பிறந்த ஊருக்கு அவ்வூர் மொழியில் திரும்பும் ஏற்பாடு ஆண்டுக் கூட்டத்தின் நிரலில் ஒரு கூறாக இடம்பெறவில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

18ஆம் நூற்றாண்டுப் பதிவுகளில் செஞ்சியின் காய்ச்சல் இடத்தின் கேடாகக் கருதப்பட்டது. படையினரின் இறப்பு மட்டுமே எண்ணப்பட்டது. 20ஆம் நூற்றாண்டில் நோய்க்காரணம் உயிரியாக அடையாளம் காணப்பட்டபோது, அந்த அறிவைத் தலைமுறை கடந்து காக்கும் களங்களுள் ஒன்றாக ஆண்டுக் கூட்டங்கள் விளங்கின. 1912, 1915ஆம் ஆண்டுகளின் சென்னைக் கூட்டங்கள் அவ்வகையில் தென்னிந்தியாவிற்குத் தொடக்கப் புள்ளிகளாகும்.

கூட்டத்தின் பிரிவமைப்பு, பார்க்கும் கோணத்தையும் வரையறுத்தது. ஒட்டுண்ணியியல் விலங்கியலுக்கும் மருத்துவத்திற்கும் இடையே பிரிந்து நின்றது. அரசின் நேரடி அக்கறைக்குரிய மலேரியா விரைவில் நிரலேறியது; ஏழை உழவரை முடக்கிய யானைக்கால் நோயும் நரம்புச் சிலந்தியும் பல பத்தாண்டுகள் காத்திருந்தன. பிரிவுகளைக் கடந்து வயல்வெளியில் தொடர்ந்து எண்ணிய பட்டுக்கோட்டை, திருக்கோவிலூர் ஆய்வுகளே பயன்மிக்க விளைவுகளைத் தந்தன.

யானைக்கால் நோயை 2027க்குள் அகற்றுவது இன்று இந்தியா முன்வைத்துள்ள இலக்கு. பரவல் ஒடுங்கிய பின்னும் நோயால் வீங்கிய கால்களுடன் வாழ்வோர் பல்லாண்டுகள் இருப்பர். அவர்களுக்குத் தேவையானது நாள்தோறும் காலைத் தூய்மை செய்யும் பயிற்சியும் தொடர்ந்த கவனிப்பும் ஆகும். புழு ஒழிந்தது என்று நிரலிலிருந்து நோயை நீக்கிவிட்டால் அவர்கள் மீண்டும் எண்ணப்படாதவர்களாவர். அறிவியல் அமைப்புகளின் நடவடிக்கைக் குறிப்புகளையும் அந்தந்த வட்டாரத்தின் மருத்துவமனைப் பதிவேடுகளையும் வாய்மொழி வழக்காறுகளையும் இணைத்து ஆராய்வது, செஞ்சி, அனந்தபுரம் போன்ற பகுதிகளின் நோய் வரலாற்றை அம்மக்களின் பக்கத்திலிருந்து எழுத வழிவகுக்கும்.